இருநூறு எழுத்துக்குள்

எனக்கு இந்தப் போன் என்கிற சனியனைக் கண்டாலே ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்கு அது சாக்கு ஆகாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டு நின்றுவிடும் லிஃப்டுகளை மறுபடி ஓட வைப்பது என் வேலை. முன்பெல்லாம் கம்பெனியிலிருந்து ஒரு அழைப்பு வரும். போவேன், சரி செய்வேன், ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இப்போது அதற்கு ஓர் ஆப் வந்துவிட்டது. புகார் வந்தால் ஒரு டிங். கிளம்பிவிட்டாயா என்று ஒரு டிங். போய்ச் சேர்ந்தாயா என்று இன்னொன்று. வேலை முடிந்ததும் படம் எடுத்துப் போட்டு, 'பழுது சரி செய்யப்பட்டது' என்று அடிக்க வேண்டும். இரண்டு கையிலும் கிரீஸ் அப்பியிருக்கும்போது எதனால் அடிப்பது? மூக்கு நுனியால் அடித்திருக்கிறேன். சத்தியமாக.

அது போதாதென்று மற்ற இம்சைகள். விடிந்ததும் அக்கா அனுப்பும் ரோஜாப்பூ. 'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது' என்று போனே போடும் ஒப்பாரி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு செய்தியைப் படிக்கலாம் என்று திறந்தால், மூன்று வரிக்கு ஒரு விளம்பரம் குறுக்கே வந்து விழும். அதை மூட மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கும், எள்ளளவு. தொட்டால் மூடாது, எவனுடைய கடைக்குள்ளோ கொண்டுபோய் விட்டுவிடும். திரும்பி வந்தால் குக்கீயை ஏற்கிறாயா என்று ஒருவன், அறிவிப்பு அனுப்பலாமா என்று இன்னொருவன். எவன் கேட்டாலும் 'சரி' என்று அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். எதற்கெல்லாம் சரி என்று தலையாட்டி வைத்திருக்கிறேனோ, எனக்கே தெரியாது.

நாளாக ஆக என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலேயே வேலை செய்யப் பழகிவிட்டது. திரையின் மேல் விளிம்பில் எது எட்டிப் பார்த்தாலும் ஒரே தள்ளு. என்ன ஏது என்று கண் பார்ப்பதற்குள் அது போயிருக்கும்.

என் மனைவி இதற்கு நேர் எதிர். மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், அதை விரித்துக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற பிறவி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். புதிதாக ஓர் ஆப் போட்டால் விதிமுறைகளைப் படித்துவிட்டுத்தான் 'ஏற்கிறேன்' அழுத்துவாள். அதற்குள் எனக்கு ஒரு தூக்கம் முடிந்துவிடும். 'பொடியெழுத்து' என்றுதான் அவளை நான் கூப்பிடுவது. அவள் என்னைத் 'தள்ளுவண்டி' என்பாள். "தள்ளுவண்டி, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் என்னையும் இப்படித் தள்ளிவிடப் போறீங்க பாருங்க" என்று சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். குழந்தை இல்லை. பார்க்க வேண்டிய டாக்டரையெல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே அவள் சொன்னாள்: "போதுங்க. எங்கயோ ஒரு குழந்தை நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. நாம போய்க் கூட்டிட்டு வந்துடலாம்." சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

தத்து எடுப்பது என்றால் நேரே போய்க் கேட்டு வாங்கி வருவது இல்லை. ஓர் இணையதளத்தில் பதிய வேண்டும். வருமானம், உடல்நலம், போலீஸ் சான்று என்று பதினேழு காகிதம் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்; எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்து ஜன்னல் கம்பியின் இடைவெளியைக்கூட அளந்தார்கள். அப்புறம் வரிசையில் ஓர் எண் கொடுப்பார்கள். நம் முறை வந்ததும் ஒரு குழந்தையின் படத்தையும் விவரத்தையும் போனுக்கு அனுப்புவார்கள். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் 'ஏற்கிறோம்' என்று அழுத்தினால் குழந்தை நமக்கு. இல்லாவிட்டால் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். நாம் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம்.

பதிவு செய்த சமயத்தில் அவள் போன் கடையில் கீழே விழுந்து, திரையின் மேல் பாதி தொட்டாலும் அசையாமல் கிடந்தது. அதனால் என் நம்பரைக் கொடுத்தோம். பிறகு அவள் புதுப் போன் வாங்கினாள். "ஏங்க, அந்த நம்பரை என்னுதுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை கேட்டிருப்பாள். "ஞாயித்துக்கிழமை மாத்தலாம்" என்றேன் முதலில். அப்புறம் ஒரு நாள், "ஏன், அப்பான்னு ஒருத்தன் இருக்கானே, அவன் நம்பர் இருந்துட்டுப் போகட்டுமே!" என்று வீறாப்பாகச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

நான்கு வருடம் ஓடியது. சனிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து வந்ததும் என் போனுக்கு ஓடிபி வரவழைத்து உள்ளே போய், வரிசையில் எங்கள் எண் என்ன என்று பார்ப்பாள். ஆயிரத்துச் சொச்சம். எழுநூறு. இருநூற்றுப் பன்னிரண்டு. எண்பது வந்ததும் சின்ன அறையைக் காலி செய்தாள். நாற்பது வந்ததும் வீட்டிலிருக்கிற எல்லா பிளக் பாயிண்டுக்கும் பிளாஸ்டிக் மூடி வாங்கி மாட்டினாள். நான் போனை சார்ஜ் போட ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டியிருந்தது. "இன்னும் குழந்தையே வரல்ல, அதுக்குள்ள என் விரல் நகம் போச்சு" என்று கத்துவேன். போன மாதம் எங்கள் எண் மூன்று.

இதற்கு நடுவில்தான் அந்த விளம்பரங்கள். ஒரு நாள் எதையோ மூடப் போய் எதையோ அனுமதித்துவிட்டேன். அன்றிலிருந்து தினம் ஒரு குழந்தையின் படம் வர ஆரம்பித்தது. மூக்கு ஒழுகுகிற குழந்தை, பெரிய கண்ணால் முறைத்துப் பார்க்கிற குழந்தை, 'எனக்கு உதவுவீர்களா?' என்று கீழே ஒரு வரி. எந்த நிறுவனம், நிஜமா பொய்யா, ஒன்றும் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் எரியும். இங்கே ஒரு குழந்தைக்கு நாங்கள் வருடக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அங்கே ஒருவன் ஊர்க் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து வியாபாரம் பண்ணுகிறானே என்று. என்னோடு வேலை பார்க்கும் நெட்டையன்தான் வழி சொன்னான். "அண்ணே, சும்மா தள்ளினா மறுபடி வந்துக்கிட்டேதான் இருப்பானுங்க. அழுத்திப் பிடிச்சு பிளாக் பண்ணுங்க. ஜென்மத்துக்கும் வர மாட்டான்." நல்ல வித்தை என்று கற்றுக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தேன். லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மா மாட்டிக்கொண்டு கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார். நான் லிஃப்டின் கூரைமேல் மண்டியிட்டு பிரேக்கைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் டிங் என்றது. ஆப்தான் மறுபடி கேட்கிறது என்று எடுத்தேன். ஒரு குழந்தையின் படம். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு எழுத்தும் ரெண்டு எண்ணும். "சீ, இங்கயும் வந்துட்டானுங்களா" என்று சத்தமாகவே சொன்னேன். அழுத்திப் பிடித்தேன். 'இந்த எண்ணைத் தடை செய்யவா?' ஆம். 'நிச்சயமாகவா?' ஆம்டா, நிச்சயமாகத்தான். போனைப் பைக்குள் போட்டேன். கால் மணி நேரத்தில் அந்த அம்மாவைப் பத்திரமாக இறக்கிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ நல்லா இருக்கணும்ப்பா" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஓடிபி வரவில்லை. மறுபடி கேட்டாள். வரவில்லை.

"சர்வர் படுத்திருக்கும். நாளைக்குப் பாரேன்" என்றேன்.

"இருங்க. குரல் அழைப்பு மூலம் பெறன்னு கீழ ஒண்ணு போட்டிருக்கு." அந்தப் பொடியெழுத்து வேறு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு வந்து, ஒரு பெண் குரல் ஆறு இலக்கங்களை நிதானமாகச் சொன்னது. அவள் உள்ளே போனாள்.

திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு மெல்லப் படித்தாள். "வரிசை எண் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று." நான் நிமிர்ந்தேன். "நிலை. குழந்தை பொருத்திக் காட்டப்பட்டது. பெற்றோர் ஏற்கவில்லை."

"என்னது?"

"பெற்றோர் ஏற்கவில்லைன்னு போட்டிருக்குங்க." அவள் குரல் அவள் குரலாகவே இல்லை. "நமக்கு எப்பங்க காட்டினாங்க?"

நான் கொதித்துப் போனேன். அந்த நேரத்தில் நான் நடிக்கவில்லை, உண்மையாகவே ஒன்றும் தெரியாது. "பைத்தியக்காரனுங்க! வேற எவனோடதையோ நம்ம கணக்குல ஏத்தி வச்சிருக்கானுங்க. ஒரு மெசேஜ் வரல்ல, ஒரு போன் வரல்ல. இந்தா, நீயே பாரு!" என்று போனை அவள் கையில் திணித்தேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆப்பின் டிங்குகள், அக்காவின் ரோஜாப்பூக்கள், வங்கி, கேஸ், எல்லாம். அவள் தேடியது இல்லை. "ஆமாங்க, ஒண்ணும் வரல்ல" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "அப்ப அவங்க தப்புதான். திங்கக்கிழமை நேர்ல போய்ச் சண்டை போடலாம். சரி பண்ணிடுவாங்க இல்ல?"

"பண்ணாம எங்க போவானுங்க?"

சாயங்காலம் பால் வாங்கக் கீழே இறங்கினேன். இரண்டாவது மாடிப் படிக்கட்டில் கால் நின்றுவிட்டது. பிளாக். அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ தெரியாது. அங்கேயே படியில் உட்கார்ந்து போனை நோண்டினேன். தடை செய்தவற்றுக்கென்று ஒரு தனி மூலை உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது. தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. உள்ளே ஒரே எண்ணிலிருந்து மூன்று செய்திகள்.

'உங்கள் குடும்பத்துக்கு ஒரு குழந்தை பொருத்தப்பட்டுள்ளது. பெண். 1 வயது 7 மாதம்.' படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். 'காலாவதியானது' என்று அதன்மேல் எழுதியிருந்தது. அடுத்தது, 'நினைவூட்டல்: 48 மணி நேரம் உள்ளது.' அதற்கடுத்தது வியாழக்கிழமை நாலு மணிக்கு. 'இறுதி நினைவூட்டல்.'

அந்தக் குழந்தையின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. குழந்தை என்று தெரிந்தது, தள்ளிவிட்டேன். பால் வாங்காமலேயே மேலே வந்தேன். கடை மூடியிருந்தது என்று சொன்னேன். அதுதான் முதல் பொய்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நூறு தடவை வாயைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் மேஜையில் உட்கார்ந்து புகார்க் கடிதம் எழுதினாள். தேதிவாரியாக, நான்கு பக்கம். ஒவ்வொரு பத்தியாக எனக்குப் படித்துக் காட்டினாள். "ஒரே ஒரு தகவலும் எங்களை வந்தடையவில்லை. சரியா இருக்காங்க?" சரியாக இருக்கிறது என்றேன். அதோடு விட்டேனா? "வீட்டுக்கு ரெண்டு தடவை வந்து ஜன்னலை அளக்கத் தெரியுது, ஒரு போன் பண்ணத் தெரியலையான்னு அதையும் சேத்துக்கோ" என்று எடுத்துக்கொடுத்தேன். என் நாக்கு அழுகிப் போக வேண்டாமா?

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இருந்தும் அவள் படியில் ஏறினாள், அவ்வளவு வேகம். பொறுப்பாளர் ஓர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேஜையில் கோப்புகள், ஒரு டப்பாவில் பொடி மிட்டாய். வருகிற குழந்தைகளுக்காக இருக்கும். கடிதத்தை முழுவதும் படித்தார். பாதியில் நிறுத்தவில்லை. பிறகு கம்ப்யூட்டரைத் தட்டித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"உங்க நம்பருக்கு மூணு தடவை போயிருக்கும்மா. செவ்வாய், புதன், வியாழன். மூணுமே போய்ச் சேந்திருக்கு. இதோ, பச்சைக் குறி இருக்கு பாருங்க."

"வரல்ல மேடம்."

"சேராட்டி சிவப்பு வந்திருக்கும்மா. அப்படி வந்தா நாங்களே போன் பண்ணிடுவோம்."

"உங்க மெஷின்ல ஆயிரம் பச்சை வரலாம் மேடம். வரல்லன்னா வரல்ல. நானே ஒவ்வொண்ணா பாத்தேன்." அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "என் வீட்டுக்காரர் கோபக்காரர்தான். கத்துவாரு. ஆனா என்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு."

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். இத்தனை வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை முகங்களைப் பார்த்திருப்பாரோ, ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்தார்.

"வந்துச்சு" என்றேன்.

அவள் திரும்பினாள். "என்னங்க?"

"வந்துச்சும்மா. செவ்வாக்கிழமை வந்துச்சு. வேலையில இருந்தேன். விளம்பரம்னு நினைச்சு பிளாக் பண்ணிட்டேன்."

அவள் கத்துவாள், அறைவாள், எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் அந்த நான்கு பக்கக் கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்து, இரண்டாக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"சனிக்கிழமை. பால் வாங்கப் போனப்ப."

"அப்ப நேத்து…" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. பொறுப்பாளரிடம் திரும்பினாள். "குழந்தை இப்ப எங்க மேடம்?"

"அடுத்த குடும்பத்துக்கு வெள்ளிக்கிழமை காட்டினோம். இருபது நிமிஷத்துல ஏத்துக்கிட்டாங்க." அவர் குரல் தணிந்திருந்தது. "நல்ல குடும்பம்மா. அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"சரி" என்றாள். "அந்த வரியை மட்டும் மாத்த முடியுமா மேடம்? பெற்றோர் ஏற்கவில்லைன்னு இருக்கே."

"அதுல ரெண்டே ரெண்டுதாம்மா இருக்கு. ஏற்றனர், ஏற்கவில்லை. பதில் வரல்லன்னா அதுவா ஏற்கவில்லைன்னு எடுத்துக்கும். எங்களால கை வைக்க முடியாது."

"அந்த வரி எங்க இருக்கும்? எங்க கோப்புலயா?"

"உங்க கோப்புலயும் இருக்கும். குழந்தை கோப்புலயும் இருக்கும்."

"அவ அதைப் பாப்பாளா?"

பொறுப்பாளர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பதினெட்டு வயசானதும் கேட்டா காட்டணும்மா. அது அவங்க உரிமை. நிறையப் பேரு வந்து கேக்கறாங்க."

அப்போதுதான் அவள் உடைந்தாள். "மொதல்ல ஒரு வீட்டுல என்னை வேண்டாம்னு சொல்லியிருக்காங்கன்னு படிப்பாளே!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஏற்கெனவே ஒருத்தி விட்டுட்டுப் போன குழந்தைங்க. நாமளும் வேண்டாம்னு சொன்னோம்னு எழுதியிருக்கே. நான் எப்பங்க வேண்டாம்னு சொன்னேன்?" அவள் தோளைத் தொடக் கை நீட்டினேன், தொடப் பயமாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ எனக்கு ஏது யோக்கியதை?

பொறுப்பாளர் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "ஒண்ணு பண்ணலாம்மா" என்றார். "இணையதளத்துல உங்க பக்கத்துல, அந்த நிலைக்குக் கீழ 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கும். யாரும் நிரப்பறதில்ல. ஒரு வாரத்துக்குள்ள எழுதிட்டா அதுவும் குழந்தை கோப்புக்குப் போகும். ஒரு தடவைதான் எழுத முடியும். இருநூறு எழுத்துக்குள்ள."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்கதான் எழுதணும்" என்றாள்.

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்ச் இருந்தது. உட்கார்ந்து போனை எடுத்தேன். அந்த எண்ணின் தடையை எடுத்ததும் ஓடிபி வந்தது. அதற்கு மேலும், நான் மனிதன்தானா என்று பார்க்க, வண்டி எந்தெந்தப் படத்தில் இருக்கிறது என்று கேட்டது. காட்டினேன். தப்பு என்றது. மறுபடி கேட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பார்த்துக் காட்டினேன். கட்டம் திறந்தது.

எழுத ஆரம்பித்தேன். அன்று காலை நான் ஏழாவது மாடியில் லிஃப்டின் மேல் இருந்தேன், உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார், எனக்குத் தினமும் இப்படிப் போலிப் படங்கள் வரும், கம்பெனி ஆப் ஒரு நிமிடம் விடாது, என்னோடு வேலை பார்ப்பவன் சொல்லிக்கொடுத்தான் என்று மளமளவென்று போனது. 'தவறு' என்று அடித்தால், போனே 'சரி செய்யப்பட்டது' என்று அடுத்த வார்த்தையை எடுத்து நீட்டியது. தினம் பத்துத் தடவை அதையே அடிக்கிற கையல்லவா. அடித்து முடித்தால் கீழே சிவப்பில், 'வரம்பு மீறியது: 536'. அந்தக் கட்டம் புள்ளியையும் கொம்பையும்கூடத் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தது. "தமிழனுக்குன்னு ஒரு கட்டம் செய்யத் தெரியுதா பாரு…" என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

வெட்ட ஆரம்பித்தேன். நெட்டையனை எடுத்தேன், அவன் என்ன செய்வான் பாவம். கம்பெனி ஆப்பை எடுத்தேன். லிஃப்டில் மாட்டிய அம்மாவை எடுக்கத்தான் மனசு வரவில்லை. நான் சும்மா இல்லை, நல்ல காரியம்தான் செய்துகொண்டிருந்தேன் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியட்டுமே என்று இருந்தது. ஆனால் பதினெட்டு வயதில் இதைப் படிக்கிறவளுக்கு அந்த அம்மா யார்? அதையும் எடுத்தேன். நடுவில் ஒரு தடவை 'நேரம் முடிந்தது' என்று பக்கம் மூடிக்கொண்டு எல்லாம் போய்விட்டது. இன்னொரு நாளாயிருந்தால் போனைச் சுவரில் அடித்திருப்பேன். மறுபடி முதலிலிருந்து அடித்தேன். கடைசியில் இதுதான் மிஞ்சியது:

'உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் படம் வந்தது. விளம்பரம் என்று நினைத்து நான் பார்க்காமல் தள்ளிவிட்டேன். தவறு என்னுடையது. உன் அம்மா நான்கு வருடம் காத்திருந்தாள்.'

மீதம் இருபத்தொன்பது என்று காட்டியது. போனை அவளிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, நிதானமாகப் படித்தாள். பிறகு கடைசி வரியில் விரலை வைத்து எதையோ அழிக்க ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். 'உன் அம்மா' இருந்த இடம் காலியாக இருந்தது.

"ஏம்மா அதை எடுக்கற?"

"அம்மான்னு போடாதீங்க" என்றாள். "அவளுக்கு அம்மா இருக்கா. இருபது நிமிஷத்துல சரின்னு சொல்லியிருக்காளே, அவதான்."

அந்த இடத்தில் 'என் மனைவி' என்று அடித்தாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு அவளே அனுப்பினாள்.